'டீஃபால்ட்' பின் நிலையை டிரைவர் கேட்க வேண்டியதில்லை

லினக்ஸ் டிரைவர் ஒவ்வொன்றும் தன் ப்ரோப் செயற்கூறில் (சாதனத்தைத் தயார்செய்யக் கர்னல் அழைக்கும் பகுதி) பின்கன்ட்ரோல் (சிப்பின் பின்கள் எந்த வேலைக்கு என்று அமைக்கும் கர்னல் பகுதி) கைப்பிடியைப் பெற்று, 'டீஃபால்ட்' நிலையை, அதாவது வழக்கமான பின் அமைப்பை, தானே தேர்ந்தெடுக்காவிட்டால் பின்கள் அமையாது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். 2013இல் வந்த 3.9 கர்னலிலிருந்து அப்படி இல்லை. வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அந்தச் சாதனத்தின் கணுவிலேயே (அதற்குரிய பிரிவிலேயே) 'டீஃபால்ட்' நிலை எழுதப்பட்டிருந்தால், ப்ரோப் அழைக்கப்படுவதற்கு முன்பே கர்னலின் டிரைவர் மையப்பகுதி அதைப் பொருத்திவிடுகிறது. 'இனிட்' என்ற நிலையும் இருந்தால் மட்டும் முதலில் அது. ப்ரோப் முடிந்ததும் 'டீஃபால்ட்'. இயங்கும்போது வேறு நிலைக்கு மாற வேண்டிய டிரைவருக்குத்தான் அந்த அழைப்புகள் தேவை.

என் சொல்லை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். டிரைவரில் அந்த அழைப்புகள் உள்ள வரிகளை நீக்கிவிட்டுக் கர்னலைத் தொகுத்து ஏற்றுங்கள். ரூட் பயனராக, கர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் பின்கன்ட்ரோல் அடைவுக்குள் போய், உங்கள் சிப்பின் கன்ட்ரோலருக்குரிய 'பின்மக்ஸ்-பின்ஸ்' கோப்பைத் திறங்கள். பின் ஒன்றுக்கு ஒரு வரி இருக்கும். உரிய பின்னின் வரியில் உங்கள் சாதனத்தின் பெயரும், அதன் பின்னால் ஃபங்ஷன் (பின் செய்யும் வேலை), குரூப் (பின் தொகுதி) பெயர்களும் தெரிந்தால் வேலை நடந்துவிட்டது. யாரும் கோராத பின் என்றால் 'மக்ஸ் அன்கிளெய்ம்டு' என்று காட்டும். அப்போது டிரைவரில் கை வைக்காமல், டிவைஸ் ட்ரீயில் நிலையின் பெயர் சரியாக இருக்கிறதா, கணு சரியானதுதானா என்று முதலில் பாருங்கள். மூலநிரலில் பார்க்க விரும்புவோர் டிரைவர்ஸ் அடைவில் பேஸ் என்பதற்குள் உள்ள பின்கன்ட்ரோல் கோப்பைப் படிக்கலாம், சிறிய கோப்புதான்.