அண்ணாச்சி போட்ட பாஸ்வேர்டு

(பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடை. பில் போடும் மிஷின் வந்த நாளிலிருந்து வைஃபையும் உண்டு. எதிர்ச்சாரி சலூனில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் படம் பார்ப்பது அதில்தான்.)

அண்ணாச்சி: சார்வாள், காலமெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தீரே, எட்டு இலக்கத்தில் பாஸ்வேர்டுக்கு ஒரு நம்பர் சொல்லும். 12345678 என்று வைத்தேன். சலூன்காரப் பயல் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டான்.

வாத்தியார்: எழுதும்வே. 73939133.

அண்ணாச்சி: ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து... இதில் என்ன விசேஷம்?

வாத்தியார்: பகா எண். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

அண்ணாச்சி: பாகம் பிரிக்க முடியாத சொத்தா? கோர்ட்டுக்குத்தான் போகும். சரி, தேங்காயையே தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள் நான்.

(சிட்டைத் தாளைக் கிழிக்கிறார். கால்குலேட்டர் பொரிகடலை மூட்டை மேல் சும்மாதான் கிடக்கிறது.)

இரண்டு, ஐந்து போகாது, கடைசியில் மூன்று நிற்கிறது. மூன்றுக்கு... இலக்கத்தைக் கூட்டினால் 38, போகாது. ஏழுக்கு இரண்டு மிச்சம். இன்னும் எவ்வளவு தூரம்வே?

வாத்தியார்: இதன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 8,598 வரை. அதற்குள் இருக்கிற பகா எண்களால் வகுத்தால் போதும். ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அண்ணாச்சி: ஆயிரம் தடவையா! பருப்பை யார் நிறுப்பது? உம்மை நம்பிவிட்டேன்.

வாத்தியார்: விசேஷமே இனிமேல்தான். வால்பக்கம் ஓர் இலக்கத்தைக் கிள்ளும். 7393913. இதுவும் பகா எண். இன்னொன்று கிள்ளும், 739391. இதுவும்தான். அப்புறம் 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7. ஒன்றுகூடச் சோடையில்லை!

அண்ணாச்சி: அட, சீப்புச் சீப்பாக அறுத்தாலும் மிச்சம் தொங்குவது முழுத்தார் விலைக்கே போகிறதே!

வாத்தியார்: இந்தக் குணத்தோடு இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது அண்ணாச்சி. பின்னால் இன்னோர் இலக்கம் ஒட்டிப் பாரும். இரட்டைப்படை இலக்கமோ ஐந்தோ பூஜ்யமோ வைத்தால் உடனே வகுபட்டுவிடும். மிச்சம் 1, 3, 7, 9. அந்த நாலில்...

(அண்ணாச்சி காதில் விழவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்.)

அண்ணாச்சி: போட்டாச்சு. ஒன்பது இலக்கம்.

வாத்தியார்: எட்டுதானே சொன்னேன்?

அண்ணாச்சி: மொய்க் கவரில் நூறு வைத்தாலும் நூற்றியொன்றாகத்தானே வைக்கிறோம்? மங்கலமாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு ஒன்று போட்டேன்.

வாத்தியார்: கெடுத்தீரே! 38-உம் ஒன்றும் 39. மூன்றால் சுத்தமாகப் போகும்வே!

அண்ணாச்சி: மூன்றாலா? (மறுபடியும் தாள்.) 24,64,63,777... மிச்சம் பூஜ்யம். சார்வாள், எனக்கு மூன்று பையன்கள். இதுவே இருக்கட்டும்!