ஜார்ஜ் சாந்த் விருந்தினர் மட்டுமே

பாரிஸின் ‘ரொமான்டிக் வாழ்க்கை அருங்காட்சியகம்’ பற்றி வெளியான கட்டுரை ஒன்று, அதைப் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாந்தின் இல்லம் என்று குறிப்பிடுவது சரியன்று. ஷப்தால் தெரு 16ஆம் எண் வீட்டில் 1830 முதல் குடியிருந்தவர் ஓவியர் ஆரி ஷெஃபர். அவர் நடத்திய வெள்ளிக்கிழமை மாலைக் கூடல்களுக்கு இசைமேதைகள் ஷோப்பான், லிஸ்ட், ஓவியர் டெலக்ருவா ஆகியோரைப் போலவே சாந்தும் விருந்தினராகத்தான் வந்துபோனார். ஷெஃபருக்குப் பின் மகளும் உறவினரும் காத்துவந்த அவ்வீடு 1956இல் அரசின் கைக்கு வந்தது. சாந்தின் பேத்தி 1923இல் கார்னவாலே அருங்காட்சியகத்துக்கு அளித்த நகைகளும் குடும்பப் படங்களும் பிற்பாடு இங்கே வைக்கப்பட்டதால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆயினும், அந்த நகைகளைவிட என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை, சாந்தின் மருமகனான சிற்பி கிளெசாஞ்சே பிளாஸ்டரில் வார்த்தெடுத்த சாந்தின் வலக்கையும், மெலிந்த விரல்கள் கொண்ட ஷோப்பானின் இடக்கையுமே. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.