காப்பர் ஸ்லாக்கை மணலுக்குப் பதில் முழுசாகப் போடலாமா?

"ஆற்று மணலே வேண்டாம், தளம் வரைக்கும் நூறு சதவீதம் காப்பர் ஸ்லாக் போடலாம், ஐ.எஸ்.ஐ. அனுமதி இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. காப்பர் ஸ்லாக் என்பது செம்பை உருக்கும்போது மிஞ்சும் கசடு. அதற்கு அனுமதி இருப்பது உண்மை. நூறு சதவீதம் என்பது தவறு.

கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய ஐ.எஸ். 383:2016 என்ற இந்தியத் தரநிலை, காப்பர் ஸ்லாக்கை மணலில் ஒரு பங்காக மட்டுமே ஏற்கிறது: கம்பி கட்டிய கான்கிரீட்டில் 35%, கம்பி இல்லாததில் 40%, எம்15 என்ற வலிமைத் தரத்துக்குக் கீழான, சிமென்ட் குறைந்த லீன் கான்கிரீட்டில் 50% வரை.

வரம்புக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கசடு கண்ணாடி போல வழவழப்பானது, தண்ணீரை உறிஞ்சாது. மணலுக்கு ஊற்றும் அதே அளவு தண்ணீரை ஊற்றினால், மிச்சத் தண்ணீர் மேலே கசிந்து வரும், மேற்பரப்பு பலவீனமாகும். மணலின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 2.65 என்றால் இதற்குச் சுமார் 3.5. அதனால் எடைக்கு எடை மாற்றினால் கலவையின் கணக்கே தப்பும். கன அளவில்தான் மாற்ற வேண்டும். பொறியாளர் கலவை வடிவமைத்து, அந்தக் கலவையில் வார்த்த 150 மி.மீ. கான்கிரீட் கட்டிகளை 7, 28 நாட்களில் உடைத்து வலிமையைப் பார்த்த பிறகே தளம் போடுங்கள்.

அந்தச் செய்தியில் உள்ள "எல்லா ஸ்லாக்கும் ஒன்றுதான்" என்ற வரி இன்னும் ஆபத்தானது. எஃகு ஆலைக் கசடான ஸ்டீல் ஸ்லாக்குக்குக் கம்பி கான்கிரீட்டில் அனுமதியே இல்லை. அதிலுள்ள சுண்ணாம்பு பின்னாளில் ஈரம்பட்டு விரிந்து கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் தரநிலையை இலவசமாக இறக்கி, முதல் அட்டவணையைப் பாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த அளவுகளைச் சொல்லுங்கள்.