காரத்தை மட்டும் குறை சொன்னால் எப்படி?
வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது பழைய கதை. காரம் எரிச்சலைக் கூட்டும், சரி, ஆனால் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாமே வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளும்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார் (என்ன துணிச்சல்!), 2005-இல் அவருக்கும் அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து பெரும்பாலும் 14 நாள் தருவார்கள், வலி நின்றதும் பாதியில் நிறுத்தக் கூடாது. முடித்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பார்க்கணும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.