எச்பிஎஸ்ஏஜி: 250 ரூபாயா, 800 ரூபாயா?

ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் எவ்வளவு என்று விசாரித்தால் ஒரு லேபில் 250 என்பார்கள், நாலு கடை தள்ளி 800 என்பார்கள். 800 சொன்னவரைத் திட்டிவிட்டு 250-க்குக் கை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டு இடத்திலும் செய்வது ஒரே டெஸ்ட்தானா என்று கேட்பதில்லை.

250 ரூபாய்க்குச் செய்வது பெரும்பாலும் கார்டு டெஸ்ட். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரிதான். இரண்டு மூன்று சொட்டு சீரம் விட்டு 15 நிமிஷத்தில் பார்க்க வேண்டும். சி கோடு மட்டும் வந்தால் நெகட்டிவ், டி கோடும் வந்தால் பாசிட்டிவ். டி கோடு மங்கலாக விழுந்தாலும் பாசிட்டிவ்தான். வேலை நெருக்கடியில் அரை மணி கழித்துப் பார்த்தால் இல்லாத கோடு தெரியலாம். ரத்தத்தில் ஆன்டிஜென் (இந்த டெஸ்ட் தேடும் வைரஸின் புரதம்) மிகக் குறைவாக இருந்தால் கார்டுக்குத் தெரியாமலும் போகலாம்.

இதே ஆன்டிஜெனைத் தேடும் இன்னொரு முறை எலைசா. அதில் 96 குழி உள்ள பிளேட். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோலுக்கென்று சில குழிகள் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று சாம்பிள் வரும் சின்ன லேபுக்கு இது கட்டாது. சாம்பிள் சேரும்வரை காத்திருப்பார்கள், அல்லது பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். "நாளன்னைக்கு ரிப்போர்ட்" என்பதன் பொருள் இதுதான். அனுப்பும் இடத்துக்கு லேப் கொடுக்கும் விலை வேறு, உங்கள் பில்லில் விழும் விலை வேறு. நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் கலெக்‌ஷன் சென்டர் வாடகையும், சில இடங்களில் எழுதிக் கொடுத்தவருக்கான கமிஷனும் அடங்கும். டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விதி விதியாக இருக்கிறது, கவர் கவராகப் போகிறது.

மூன்றாவது முறை சிஎல்ஐஏ. அது முழுக்க மெஷின் செய்யும் முறை, மிகக் குறைந்த அளவையும் பிடிக்கும். 800 ரூபாய்க்கு இதைச் செய்தால் குறை சொல்ல மாட்டேன். கார்டு போட்டுவிட்டு 800 வாங்குவதுதான் அநியாயம். எந்த முறை என்று பில்லிலும் ரிப்போர்ட்டிலும் அச்சடிக்கச் சொல்லுங்கள். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பாவம் பலர் காலையில் காபிகூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கார்டில் பாசிட்டிவ் வந்தால் எலைசாவிலோ சிஎல்ஐஏவிலோ ஒருமுறை உறுதி செய்யுங்கள். அதோடு அந்த டெஸ்டுக்கான செலவு முடிந்துவிட வேண்டும். ஆனால் முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே எச்பிஎஸ்ஏஜியை எடுத்து "இன்னும் பாசிட்டிவா" என்று பார்ப்பவர்கள் நிறைய. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த தொற்றில் அது தானாக நெகட்டிவ் ஆவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே பெரிது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போய் 'அன்ஃபிட்' ஆன பையன்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மூலிகைக் கஷாயம், பத்தியம், பிறகு டெஸ்ட், மறுபடி கஷாயம். கார்டில் தப்பித்து ஒருநாள் நெகட்டிவ் வந்தாலும், மெடிக்கல் சென்டர் மெஷினில் மாட்டிக்கொள்ளும்.

அந்தக் காசை வேறு இடத்தில் போடலாம். பாசிட்டிவ் ஆனவருக்கு முதலில் தெரிய வேண்டியது கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி, பிறகு ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்று எண்ணும் வைரல் லோடு. 'ஹெபடைட்டிஸ் பேக்கேஜ்' என்று விற்பதில் ஏ, இ வைரஸ்களும் சேர்ந்திருக்கும். திடீர்க் காமாலை வந்தவருக்கு அவை தேவை. தற்செயலாக பி பாசிட்டிவ் என்று தெரிந்தவருக்குப் பெரும்பாலும் வீண் செலவு.

பர்ஸைக் காலி செய்வது வைரல் லோடுதான். தனியாரில் 3,000-க்கு மேல், சில இடங்களில் அதன் இரு மடங்கு. இதுவும் பிசிஆர்தான். கோவிட் பிசிஆருக்கு 2020 மார்ச்சில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். பிறகு மாநில அரசுகள் வரம்பை இறக்க இறக்க ஆயிரத்துக்கும் கீழே வந்தது. வைரல் லோடில் வைரஸின் அளவையும் சொல்ல வேண்டும், கிட் விலை கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோவிட் காலத்தில் வாங்கிய மெஷின்கள் ஊர் ஊராக இருக்கும்போது இதற்கும் ஒரு உச்சவரம்பு வைத்தால் என்ன?

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரே லேபில் எடுங்கள். ஒரு ரிப்போர்ட்டில் 3,000 ஐயு (வைரஸ் அளவைச் சொல்லும் சர்வதேச அலகு), அடுத்ததில் 6,000 என்றால் வைரஸ் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று பதற வேண்டாம், டெஸ்டின் இயல்பான ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும். 3,000 என்பது 30,000 ஆனால்தான் பேச்சு. பழைய ரிப்போர்ட்டில் 'காப்பீஸ்' (வைரஸ் பிரதிகளின் எண்ணிக்கை) என்றும் புதியதில் 'ஐயு' என்றும் இருந்தால் அந்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு ஐயு என்பது கிட்டைப் பொறுத்துப் பல காப்பீஸுக்குச் சமம். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். அதனால் சாயங்காலம் கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்து ராத்திரி முழுக்கக் கிடக்கவிடுவதைவிட, லேபுக்கே காலையில் போவது நல்லது.

பாசிட்டிவ் ஆன கர்ப்பிணிகள் மட்டும் இந்த வைரல் லோடு செலவைத் தள்ளிப் போடக் கூடாது. இரண்டு லட்சம் ஐயு-க்கு மேல் இருந்தால் தாய்க்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவார்கள். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை ஆன்டிபாடி ஊசி).

வீட்டில் மற்றவர்களுக்கு எச்பிஎஸ்ஏஜி ஒன்று போதும் என்று தொடங்கலாம். நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதம் என்று மூன்று தடுப்பூசி.

இத்தனைக்கும் 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல்-கல்லீரல் பிரிவிலோ பொது மருத்துவப் பிரிவிலோ கேளுங்கள். வைரல் லோடு சாம்பிளை எல்லா நாளும் எடுக்க மாட்டார்கள், 'கிட் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலும் வரும். எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டு, ஆதாரும் பழைய ரிப்போர்ட் அத்தனையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள்.