பழகினாலும் வரும்

வாளையார் பக்கம் லாரிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் தம்பிகளுக்காக இது. பத்து வருஷம் அடித்தவருக்கு உடம்பு பழகிவிடும், இனி ஆஸ்துமா வராது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அண்ணா, அது சரியில்லை. பெயிண்ட் இறுகக் கலக்கும் ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். பெரும்பாலும் பல மாதமோ வருஷமோ சுவாசித்த பிறகு அதற்கு ஒவ்வாமை உண்டாகும். உண்டான பின் துளி புகையே மூச்சை இறுக்கும். பல நேரம் இரவில் இருமல் வரும் என்பதால் பலர் பனியைத் திட்டுவார்கள்.

ஐசோசயனேட் இருக்கிறதா என்று சரிபார்க்க, ஹார்ட்னர் டப்பாவின் எச்சரிக்கையைப் படியுங்கள். அப்புறம், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாயில் தினம் நான்கு முறை ஊதி, அது காட்டும் எண்ணை லீவு நாள் உட்பட நான்கு வாரம் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்த எண் வேலை நாளில் இறங்கி லீவில் ஏறினால் சந்தேகம் வேலைமேல்தான்.