பிறவித் திறமை மட்டும் போதாது

ஓட்டப் பந்தயத்தில் ஜமைக்கா பெண்கள் காட்டும் வேகத்துக்குப் பிறவித் திறமையே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; கட்டுரையாளரின் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 2021இல் நைரோபியிலும் 2022இல் கொலம்பியாவின் காலி நகரிலும் நடந்த இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டிகளில் 100 மீட்டர் தங்கத்தை வென்ற டினா கிளேட்டன், அப்போது ஜமைக்காவின் எட்வின் ஆலன் என்ற பள்ளியின் மாணவி. ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனின் தேசிய விளையாட்டரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் பள்ளிகளுக்கு இடையிலான 'சாம்ப்ஸ்' போட்டி 1910இல் தொடங்கியது; நிரம்பி வழியும் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே பதின்ம வயதிலேயே ஓடிப் பழகிய பெண்ணுக்கு உலகப் போட்டியின் இறுதிச் சுற்று புதிய அனுபவமாக இருப்பதில்லை.

காலியில் டினா 10.95 வினாடியில் ஓடியபோது பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. அதற்குப் பின் காயங்கள் குறுக்கிட்டன. அவருடைய இரட்டைச் சகோதரி டியா 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடினார். டினாவோ மனம் தளராமல் மீண்டு வந்து, 2025 டோக்கியோ உலகப் போட்டியில் 10.76 வினாடியில் வெள்ளி வென்றார். இளையோர் போட்டியில் வென்றவர்களை ஓரிரு மந்தமான பருவங்களை வைத்தே 'மங்கிவிட்டார்கள்' என்று எழுதுவது பெரும் அநீதி. வளரும் உடலுக்குத் தேவைப்படும் ஓய்வையும் அவகாசத்தையும் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.